"சரியா ஊட்டுங்கம்மா" என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். என்ன பதில் சொல்வது?

ஜூன் 11, 2024 – கேள்வி

பையனுக்கு ஒரு வயது நான்கு மாதம். 31 வாரத்தில் பிறந்தவன், என்.ஐ.சி.யூ.வில் (பச்சிளங்குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவில்) இருந்து வந்தவன். தலை இன்னும் சரியாக நிற்கவில்லை. ஒரு வேளைக் கஞ்சி ஊட்ட ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது, பாதி வாயோரம் வழிந்துவிடும். எடை 6.9 கிலோ. நெஞ்சுச்சளி என்று மூன்று முறை அட்மிட் ஆகிவிட்டான். ஒவ்வொரு முறையும் "பொறுமையா, சரியா ஊட்டுங்கம்மா" என்று சொல்லித்தான் அனுப்புகிறார்கள். போன தடவை கொஞ்சம் குரலை உயர்த்திக் கேட்டேன். சீட்டில் 'ஆங்ஷியஸ் மதர்' (பதற்றப்படும் அம்மா) என்று எழுதிவிட்டார்கள். சண்டை போட்டால்தான் கேட்பார்களா? போட்டால் பிள்ளையின் வைத்தியம் கெட்டுவிடுமா? கொளத்தூரிலிருந்து கேட்கிறேன்.

ஜூன் 11, இரவு

நான் ஒரு அப்பா, பெரம்பூர். மகளுக்கு ஒன்பது வயது, மூளை முடக்குவாதம். நான்கு வயதிலிருந்து வயிற்றில் போட்ட குழாய் வழியாகத்தான் உணவு. உங்கள் கேள்வியைப் படித்ததும் தூக்கம் போய்விட்டது, அதனால் இப்போதே எழுதுகிறேன்.

சண்டை வேண்டாம். தலையாட்டிவிட்டு வரவும் வேண்டாம். தலை நிற்காத குழந்தை, ஒரு வேளைக்கு ஒரு மணி நேரம், திரும்பத் திரும்ப நெஞ்சுச்சளி, ஏறாத எடை. இவை சேர்ந்து வந்தால் அதற்கும் ஊட்டுகிறவரின் கைப்பக்குவத்துக்கும் சம்பந்தமில்லை. விழுங்குவதில் கோளாறு இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். ஒரு வேளை உணவு வழக்கமாக அரை மணி நேரத்தைத் தாண்டினாலே விழுங்கும் திறனைச் சோதிக்கச் சொல்கிறார்கள் இந்தத் துறையில் இருப்பவர்கள். உங்கள் பையனுக்கு அதைப்போல இரண்டு மடங்கு ஆகிறது.

நம் வீடுகளில் புரையேறினால் உச்சந்தலையைத் தட்டி "யாரோ நினைக்கிறாங்க" என்போம். இருமல் வருகிறவரை நல்லது, உடம்பு தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது. இந்த மாதிரிக் குழந்தைகள் பலருக்கு அந்த இருமலே வராது. பால் மூச்சுக்குழாய்க்குள் இறங்கும், முகத்தில் ஒன்றும் தெரியாது, சில நாள் கழித்துக் காய்ச்சலாக வரும். வெளியிலிருந்து பார்த்து இதை உறுதியாகச் சொல்ல எந்த டாக்டராலும் முடியாது. வீடியோ ஃப்ளோரோஸ்கோபி என்று ஒரு சோதனை இருக்கிறது. பேரியம் கலந்த உணவை எக்ஸ்ரே திரைக்கு முன்னால் விழுங்கவைத்து, அது எந்த வழியில் போகிறது என்று படமெடுப்பார்கள். மூக்கு வழியாக மெல்லிய கேமரா விட்டுப் பார்க்கும் முறையும் உண்டு.

அடுத்த முறை இந்த ஒரு கேள்வியை மட்டும் கேளுங்கள்: "டாக்டர், இவனுக்குச் சத்தமில்லாமல் புரையேறுகிறதா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது?" இதற்கு "பொறுமையா ஊட்டுங்க" என்று யாரும் பதில் சொல்ல முடியாது.

ஜூன் 12, காலை

வேலைக்குக் கிளம்பும் முன் இன்னொன்று. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனை பார்க்கிறேன். ஒரு பாகம் சரியில்லை என்று வாயால் சொன்னால் அங்கே யாரும் மிஷினை நிறுத்த மாட்டார்கள். அளந்து, நேரம் போட்டு, கையெழுத்து வைத்துக் கொடுத்தால் நிறுத்துவார்கள். மருத்துவமனையிலும் அப்படித்தான் என்று புரிந்த நாளில் பாப்பாவுக்கு ஒரு நோட்டுப் போட்டோம்.

எத்தனை மணிக்கு ஆரம்பித்தோம், எப்போது முடிந்தது, கிண்ணத்தில் எத்தனை மில்லி எடுத்தோம், எத்தனை மிச்சம். வழிந்ததை எப்படி அளப்பது என்று கேட்பீர்கள். கழுத்தில் கட்டும் துண்டை ஊட்டுவதற்கு முன்னும் பின்னும் சமையலறைத் தராசில் வையுங்கள், வித்தியாசம்தான் வழிந்தது. அப்புறம் இருமல், ஓங்கரிப்பு, எதுக்களிப்பு. குரல் தண்ணீர் கோர்த்த மாதிரி மாறியதா, கண் கலங்கியதா, உதட்டைச் சுற்றி நிறம் மாறியதா, வியர்த்ததா. ஈர டயப்பர் எத்தனை. ஒரு வாரம் எழுதினால் போதும், டாக்டர் ஒரு பார்வையில் படித்துவிடுவார்.

வீடியோவும் எடுங்கள். பக்கவாட்டிலிருந்து, முகமும் நெஞ்சும் சேர்ந்து தெரிகிற மாதிரி, பின்னால் டிவி ஓடாமல். முதல் ஒரு நிமிடம் ஒன்று, கடைசி ஒரு நிமிடம் ஒன்று. ஆரம்பத்தில் நன்றாக விழுங்கும் குழந்தை சோர்ந்த பிறகு தடுமாறும். ஓபியில் இரண்டு வாய் ஊட்டிக் காட்டச் சொல்லும்போது அந்தச் சோர்வு தெரியாது. உங்கள் போனில்தான் தெரியும்.

ஜூன் 12, மதியம்

சாப்பாட்டு நேரத்தில் எழுதுகிறேன், சுருக்கமாக. 31 வாரம் என்றால் ஒன்பது வாரம் முன்னால் பிறந்திருக்கிறான். எடை வரைபடத்தில் புள்ளி வைக்கும்போது இரண்டு வயது வரை அந்த ஒன்பது வாரத்தைக் கழித்துத்தான் வயதை எடுக்க வேண்டும். கழித்துப் பார்த்தாலும் 6.9 கிலோ மிகக் குறைவுதான். அதனால் யாராவது "குறைப்பிரசவக் குழந்தை, அப்படித்தான் இருக்கும்" என்று முடித்துவிட்டால், "வயதைத் திருத்திப் போட்டுப் பார்த்தீர்களா?" என்று கேளுங்கள்.

பழைய எக்ஸ்ரேக்களைத் தேதி வரிசையில் ஒரே ஃபைலில் வையுங்கள். சளி எப்போதும் வலது நுரையீரலிலேயே வருகிறதா என்றும் கேளுங்கள். வலது மூச்சுக்குழாய் அகலம், நேரும்கூட. உள்ளே தவறி இறங்குவது பெரும்பாலும் அந்தப் பக்கம்தான் போய்ச் சேரும்.

ஜூன் 15

'ஆங்ஷியஸ் மதர்' பற்றி இரண்டு நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். நான் அப்பா என்று முதலிலேயே சொன்னதற்கும் இதுதான் காரணம்.

பாப்பா கைக்குழந்தையாக இருந்தபோதே, பால் குடிக்கும்போது அவள் குரல் மாறுகிறது என்று என் மனைவி சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு தனியார் மருத்துவமனையில் "முதல் குழந்தையா?" என்று கேட்டுச் சிரித்து அனுப்பினார்கள். சில மாதம் கழித்து நான் லீவு போட்டுவிட்டுப் போய் அதே டாக்டரிடம் அதே விஷயத்தை, ஏறக்குறைய அவள் சொன்ன அதே வார்த்தைகளில் சொன்னேன். அவர் பேனாவை எடுத்து எழுதிக்கொண்டார். சோதனைக்கும் எழுதிக் கொடுத்தார். என் மனைவி பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தாள். வீடு வருகிறவரை அவள் ஒரு வார்த்தை பேசவில்லை.

வீட்டில் ஆண்கள் இருந்தால் அவர்களையும் ஓபிக்குக் கூட்டிப்போங்கள் என்று சொல்ல வருத்தமாக இருக்கிறது. ஆனாலும் சொல்கிறேன், கூட்டிப்போங்கள். போகிற அப்பாக்களுக்கு ஒன்று: பேச்சை நீங்கள் வாங்கிக்கொள்ளாதீர்கள். "கூட இருந்து கவனிச்சது இவங்கதான், இவங்களைக் கேளுங்க டாக்டர்" என்று சொல்லிவிட்டு உட்காருங்கள். நான் இப்போது அதைத்தான் செய்கிறேன்.

சீட்டில் அப்படி எழுதினால், "கவலைக்கு நான் சொன்ன காரணத்தையும் பக்கத்தில் எழுதுங்கள்" என்று தன்மையாகக் கேட்கலாம். சோதனை தேவையில்லை என்றால், ஏன் தேவையில்லை என்பதையும் எழுதச் சொல்லுங்கள். இப்படி எழுதச் சொல்லும்போது பல டாக்டர்கள் இன்னொரு முறை யோசிக்கிறார்கள். கேஸ் ஷீட் நகல் கேட்பதும் நம் உரிமை. இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு விதிகளின்படி, நோயாளி தரப்பு கேட்டால் 72 மணி நேரத்துக்குள் பதிவுகளைத் தர வேண்டும். வேறு டாக்டரிடம் காட்டினால் கோபித்துக்கொள்வார்களோ என்ற பயமும் வேண்டாம். தேசிய மனித உரிமை ஆணையம் 2018இல் தயாரித்த நோயாளி உரிமைப் பட்டியலில் இரண்டாவது கருத்துக் கேட்கும் உரிமையும் இருக்கிறது.

ஜூன் 16

"இதெல்லாம் காசு கொடுத்துப் பார்க்கிற இடத்தில்தான் நடக்கும், கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில் யாருக்கு நேரம்?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நான் அப்படி நினைக்கவில்லை. பாப்பாவை எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையிலும் பார்த்திருக்கிறோம். கூட்டம் உண்மை, காலையிலேயே போய் நிற்க வேண்டும் என்பதும் உண்மை. ஆனால் இப்படிப்பட்ட குழந்தைகளை அங்கே நிறையப் பார்க்கிறார்கள். ஒரு சீனியர் டாக்டர் நோட்டை வாங்கி மூன்று பக்கம் புரட்டிவிட்டு, பக்கத்தில் நின்ற பிஜி (மேற்படிப்பு படிக்கும்) டாக்டர்களைக் கூப்பிட்டு "இதைப் பாருங்க, இந்த அம்மா நமக்கு வேலையை முடிச்சு வச்சிருக்காங்க" என்றார். அவருக்கு எங்கள் வீட்டில் இன்றும் நன்றி இருக்கிறது.

அங்கே சிரமம் வேறு. பிஜி டாக்டர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள், ஒவ்வொரு முறையும் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டும். அதற்கு ஒரே ஒரு பக்கத் தாள் வைத்துக்கொள்ளுங்கள். பெயர், பிறந்த வாரம், நோய், நடந்த அட்மிஷன்கள், இப்போது கொடுக்கும் மருந்தும் அளவும், ஒவ்வாமை, ஊட்டும் முறை, கடைசி எடை. அடியில் இன்றைய கேள்வி, ஒன்றே ஒன்று. ரவுண்ட்ஸில் இரண்டு நிமிடம்தான் கிடைக்கும், அதில் ஐந்து கேள்வி கேட்டால் ஒன்றுக்கும் பதில் வராது.

இன்னொன்று, பல பெற்றோருக்குத் தெரிவதில்லை. விழுங்குவதைப் பார்க்கிறவரும் ஸ்பீச் தெரபிஸ்ட்தான். "இன்னும் பேசவே ஆரம்பிக்கலையே, ஸ்பீச் தெரபி எதுக்கு?" என்று வருஷத்தை விட்டுவிடுகிறார்கள். எல்லா ஸ்பீச் தெரபிஸ்டும் விழுங்கும் பயிற்சியில் கைதேர்ந்தவர்கள் இல்லை, கேட்டுவிட்டுப் போக வேண்டும். போரூர் ஸ்ரீ ராமச்சந்திராவில் இதற்குத் துறையே இருக்கிறது. கோட்டூர்புரம் வித்யா சாகர் 1985லிருந்து மூளை முடக்குவாதக் குழந்தைகளோடு வேலை செய்கிறது. முட்டுக்காட்டில் மத்திய அரசின் பல்வகை ஊனமுற்றோர் நிறுவனம் 2005லிருந்து இருக்கிறது. கொளத்தூரிலிருந்து முட்டுக்காடு தூரம்தான், கைக்குழந்தையோடு இரண்டு பஸ் மாறுவது பெரிய வேலை. ஆனால் உட்காரும் நாற்காலி, கழுத்துத் தாங்கல் இதையெல்லாம் சேர்த்துப் பார்த்துவிடுவார்கள். இடுப்பு, முழங்கால், பாதம் மூன்றும் மடங்கித் தாங்கலோடு உட்காராத குழந்தைக்கு எந்த உணவையும் பத்திரமாக ஊட்ட முடியாது.

ஜூன் 23

சோதனைக்குத் தேதி கிடைக்கிறவரை என்ன கொடுப்பது என்று கேட்டிருந்தீர்கள். டயட்டீஷியனைக் கேட்டுத்தான் மாற்ற வேண்டும். எங்களுக்கு அவர்கள் போட்டுக் காட்டிய கணக்கைச் சொல்கிறேன்.

100 மில்லி கஞ்சியில் 10 கிராம் அரிசி இருந்தால் ஏறக்குறைய 35 கலோரி. தாய்ப்பாலில் 100 மில்லிக்கு 65 முதல் 70. அதாவது ஒரு மணி நேரம் போராடி உள்ளே அனுப்பும் கஞ்சி, பாலில் பாதிதான். பருப்புத் தண்ணீர் அதைவிட மோசம், பருப்பு அடியில் நிற்க வெறும் தண்ணீர் பிள்ளைக்குப் போகிறது. எங்கள் அம்மா பருப்புத் தண்ணீரைத் தெம்பு என்று நம்பியவர், அவரை மாற்றத்தான் அதிக நாள் பிடித்தது. ஒரு டீஸ்பூன் எண்ணெயோ நெய்யோ சேர்த்தால் அதே கிண்ணத்தில் 40, 45 கலோரி கூடும். அளவைக் கூட்ட முடியாத குழந்தைக்கு அடர்த்தியைத்தான் கூட்ட வேண்டும்.

பாட்டிமார்கள் கேழ்வரகை முளைகட்டி உலர்த்தி அரைப்பதில் பெரிய விஷயம் இருக்கிறது. முளைகட்டிய தானியத்தில் அமிலேஸ் என்ற நொதி உண்டு, அது மாவுச்சத்தை வெட்டிவிடும். கெட்டியாகக் கிண்டிய கஞ்சி கொஞ்சம் ஆறியதும் ஒரு ஸ்பூன் முளைகட்டிய மாவைப் போட்டுக் கலக்கினால் சில நிமிடத்தில் இளகி ஓடும். அப்புறம் மறுபடி ஒரு கொதி. கொதிக்கும்போதே போட்டால் நொதி வேலை செய்யாது. தண்ணீர் ஊற்றாமலே நீர்த்த கஞ்சி, கலோரி அப்படியே இருக்கும். பாப்பாவின் குழாயில் இதைத்தான் விடுகிறோம். மிக்ஸி சத்தம் கேட்டாலே சாப்பாடு வருகிறது என்று தெரிந்து சிரிப்பாள்.

வீட்டில் அரைத்த உணவை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்காதீர்கள். இந்த ஊர் வெயிலில் அதற்கும் முன்னாலேயே முடித்துவிடுவது நல்லது.

ஜூன் 24

நேற்று எழுதியதை இரவு மறுபடி படித்தேன். முளைகட்டிய மாவு குழாயில் போகும் உணவுக்கு. வாய்வழி சாப்பிடும், நீர்த்ததை விழுங்கத் தடுமாறும் குழந்தைக்கு அது ஆபத்து. கெட்டியாகக் கொடுங்கள் என்று சொல்லியிருக்கும் பிள்ளைக்கு நாமே இளக்கிக் கொடுத்ததாகிவிடும். கொளத்தூர் தங்கச்சி, சோதனை முடிகிறவரை உங்கள் வீட்டில் இது வேண்டாம்.

எச்சிலிலும் அதே நொதி உண்டு. சோளமாவு போட்டுக் கெட்டியாக்கிய பாலில் வாயில் வைத்த ஸ்பூனையே திரும்பத் திரும்ப விட்டால், கிண்ணத்தின் அடியில் இருப்பது தண்ணியாகிவிடும். கடையில் விற்கும் கெட்டியாக்கும் பொடிகளில் சில ஸாந்தன் பசையில் செய்தவை, அவை எச்சிலில் இளகாது. ஆனால் குறைமாதத்தில் பிறந்த கைக்குழந்தைகளுக்கு அதனால் குடல் பாதிப்பு வந்திருக்கிறது என்று எச்சரிக்கை இருக்கிறது. உங்கள் பையன் 31 வாரம். டாக்டரைக் கேட்காமல் எந்தப் பொடியும் வாங்காதீர்கள்.

எவ்வளவு கெட்டி என்று கண்ணால் சொல்வது ஆளுக்கு ஆள் மாறும். உலகம் முழுக்க இதற்கு ஐடிடிஎஸ்ஐ என்று ஓர் அளவுகோல் இருக்கிறது, பூஜ்யத்திலிருந்து 7 வரை. 10 மில்லி சிரிஞ்சில் நிரப்பி, பத்து விநாடி கீழே ஓடவிட்டு, எவ்வளவு மிச்சம் என்று பார்ப்பார்கள். 1 முதல் 4 மில்லி மிச்சமிருந்தால் முதல் நிலை, 4 முதல் 8 என்றால் இரண்டாவது, 8க்கு மேல் 10க்குள் மூன்றாவது. சிரிஞ்சின் நீளம் மாறினால் கணக்கும் மாறும், அதனால் தெரபிஸ்ட் கையில் இருப்பதையே வாங்குங்கள். வீட்டில் அம்மா, பாட்டி, அத்தை என்று யார் கலக்கினாலும் ஒரே மாதிரி வரும்.

ஜூலை 9 – கேள்வி கேட்டவர்

அண்ணா, சோதனை முடிந்தது. நீங்கள் சொன்ன கேள்வியைத்தான் கேட்டேன், வீடியோவையும் காட்டினேன், உடனே எழுதிக் கொடுத்தார்கள். தண்ணி, பால் இரண்டும் மூச்சுக்குழாய்க்குள் போகிறது, இருமலே இல்லை. கெட்டியாகக் கொடுத்தாலும் கடைசியில் கொஞ்சம் இறங்குகிறது. இப்போதைக்கு மூக்கு வழியாகக் குழாய் போடச் சொல்கிறார்கள். மாமியார் அழுகிறார், பிள்ளைக்கு வாயை அடைத்துவிட்டோம் என்கிறார். எனக்கும் என்ன சொல்வதென்று தெரியவில்லை.

ஜூலை 9, இரவு

முதலில் ஒன்று, தங்கச்சி. நீங்கள் இத்தனை மாதம் ஊட்டியதில் தவறில்லை என்று இப்போது எக்ஸ்ரேயே சொல்லிவிட்டது. அந்த அறிக்கையின் நகலை வாங்கி ஃபைலின் முதல் பக்கத்தில் வையுங்கள்.

குழாய் என்றால் வாய் அடைபட்டது என்று அர்த்தமில்லை. பிள்ளை வளர்வதற்கு ஒரு வழி, ருசிக்கு ஒரு வழி என்று பிரித்துக்கொள்வதுதான். எங்களுக்கும் முதல் வாரம் வீடே இழவு வீடு மாதிரி இருந்தது. எடை ஏற ஆரம்பித்ததும் பாப்பா பகலில் விழித்திருக்க ஆரம்பித்தாள். அதுவரை அவள் தூங்குமூஞ்சி என்று நினைத்திருந்தோம், பசியில் சோர்ந்திருந்திருக்கிறாள்.

இனி நீங்கள் கேட்டு வாங்க வேண்டியது பயிற்சி. ரைல்ஸ் ட்யூபில், அதாவது மூக்குக் குழாயில், ஊட்டுவதை டிஸ்சார்ஜ் அன்று மதியம் ஐந்து நிமிடத்தில் காட்டி அனுப்பப் பார்ப்பார்கள். இன்றே சிஸ்டரிடம் கேளுங்கள்: "நான் போடுகிறேன், நீங்கள் பார்த்துச் சொல்லுங்கள்." நீங்களும் இன்னொருவரும் கற்றுக்கொள்ள வேண்டும். ஒருவருக்கு மட்டும் தெரிந்தால் அவருக்குக் காய்ச்சல் வரவே முடியாது.

குழாய் வயிற்றில்தான் இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும். காற்றை அடித்து ஸ்டெதஸ்கோப்பில் கேட்கும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. அதை மட்டும் நம்பாதீர்கள், குழாய் நுரையீரலில் இருந்தாலும் அந்தச் சத்தம் கேட்கும். குழாயிலிருந்து சிரிஞ்சில் கொஞ்சம் நீரை இழுத்து, அமிலத்தன்மை காட்டும் பிஎச் தாளில் வைத்தால் 5.5 அல்லது அதற்குக் கீழே வர வேண்டும். அமிலம் குறைக்கும் மருந்து கொடுத்தால் எண் ஏறிக் காட்டலாம், அப்போது என்ன செய்வது என்று முன்கூட்டியே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மூக்கு ஓரத்தில் குழாய் மேல் பேனாவால் ஒரு கோடு போடுங்கள், கோடு நகர்ந்திருந்தால் ஊட்டக் கூடாது. தலைப்பக்கம் உயர்த்தி, சிரிஞ்சின் தண்டை எடுத்துவிட்டு, தானாக இறங்கவிடுங்கள். தள்ளாதீர்கள். முடிந்ததும் டாக்டர் சொன்ன அளவு தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். மருந்துகளை உணவோடு கலக்காமல் தனித்தனியாக விடுங்கள். எந்த மாத்திரையைப் பொடிக்கலாம், எதைப் பொடிக்கக் கூடாது என்று மருந்துக்கடைக்காரரிடம் ஒவ்வொன்றாகக் கேளுங்கள்.

மாமியாருக்கு ஒரு வேலை கொடுங்கள். குழாயில் உணவு இறங்கும்போது பிள்ளையை மடியில் வைத்துக் கதை சொல்வது, தெரபிஸ்ட் சொன்னபடி உதட்டில் விரலை வைத்துத் தடவுவது, பல்லும் ஈறும் சுத்தம் செய்வது. வாயில் சாப்பிடாத குழந்தைக்கு வாய்ச் சுத்தம் இன்னும் முக்கியம், ஏனென்றால் எச்சிலும் உள்ளே இறங்கும். ஊட்டும் உரிமை போய்விட்டது என்றுதான் பாட்டிகள் அழுகிறார்கள். அதில் ஒரு பங்கு கையில் இருந்தால் அழுகை குறையும். எங்கள் அம்மா இன்று பாப்பாவின் குழாயை என்னைவிட நன்றாகக் கையாள்கிறார்.

காலில் போட்டுச் சங்கில் ஊற்றுவதை மட்டும் யார் சொன்னாலும் அனுமதிக்காதீர்கள். பாலாடை நல்ல சாமான், குறைமாதப் பிள்ளைகளுக்கு மருத்துவமனையிலேயே அதில்தான் புகட்டுகிறார்கள். ஆனால் அது நிமிர்த்திப் பிடித்து, சொட்டுச் சொட்டாக, விழுங்குகிற குழந்தைக்கு. தொக்கம் எடுப்பது, மூக்கைப் பொத்தி வாய் திறக்கவைப்பது எதுவும் வேண்டாம்.

ஜூலை 10

பிளாஸ்திரியால் கன்னம் புண்ணாகிறதென்றால், தோலைக் காக்கும் மெல்லிய ஹைட்ரோகொலாய்ட் ஒட்டுத்தாளை முதலில் ஒட்டி, அதன் மேல் பிளாஸ்திரி. இரண்டு கைக்கும் காலுறை போட்டுவிட்டால் இரவில் குழாயை இழுப்பது குறையும்.

ஆகஸ்ட் 4

இன்று ஆடி ஞாயிறு, தெருவில் அம்மன் கோயிலில் கூழ் ஊற்றினார்கள். பாப்பாவை வண்டியில் வைத்துக் கூட்டிப்போனோம். ஒரு பெரியம்மா சொம்போடு வந்து, "அம்மன் பிரசாதம், ஒரு வாய் குடுத்தா என்ன, உங்களுக்கெல்லாம் படிச்ச திமிரு" என்றார். முன்பெல்லாம் நான் இப்படிப்பட்ட இடத்தில் மருத்துவம் விளக்க ஆரம்பிப்பேன், என் மனைவி முகம் வாடி நிற்பாள். இன்று அவளே விரல் நுனியில் கூழைத் தொட்டு, பாப்பாவின் உதட்டில் வைத்தாள். தெரபிஸ்ட் அனுமதித்திருக்கிற அளவு அது. பாப்பா நாக்கை நீட்டி நக்கிவிட்டு இன்னும் வேண்டும் என்று கையை ஆட்டினாள். பெரியம்மா அழுதுவிட்டார். சொந்தக்காரர்களிடம் பிள்ளைக்காகப் பேசுவதும் டாக்டரிடம் பேசுவதைப் போலவே பழக வேண்டிய வேலை. எல்லோரும் அன்பில்தான் கொடுக்க வருகிறார்கள், அந்த அன்பு நுரையீரலுக்குள் போய்விடக் கூடாது.

செப்டம்பர் 8

பணத்தையும் காகிதத்தையும் பற்றி இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். தொகைகளை இந்த 2024 நிலவரப்படி சொல்கிறேன்.

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகைக் குறைபாடுகள் இருக்கின்றன. சாப்பிட முடியாமை என்று ஒன்று அதில் இல்லை. அதனால் மூளை முடக்குவாதம், பல்வகைக் குறைபாடு என்று எது பொருந்துமோ அதன் கீழ்தான் யுடிஐடி என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டை வாங்க வேண்டும். குழாய் உணவு, திரும்பத் திரும்ப வரும் நிமோனியா இரண்டையும் டாக்டர் சான்றில் எழுதியிருக்கிறாரா என்று பாருங்கள். மாநில அரசின் பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2,000 ரூபாய். தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீட்டில் வருடம் ஒரு லட்சம் வரை, வெளிநோயாளிச் செலவும் தெரபியும் உட்பட. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் அட்மிட் ஆகும் செலவுக்கு, குடும்பத்துக்கு 5 லட்சம் வரை. வருமான வரி கட்டுபவர்கள் பழைய முறையில் இருந்தால் 80டிடி பிரிவில் 75,000, கடுமையான ஊனம் என்றால் 1,25,000 கழிக்கலாம். மாதாமாதம் வாங்கும் சிரிஞ்ச், பிளாஸ்திரி, பால் பவுடர் இவைதான் எங்கள் வீட்டில் பையைக் காலி செய்கின்றன, அவற்றுக்கென்று தனியாக ஒரு திட்டமும் எங்களுக்குக் கிடைக்கவில்லை. இதை மனுவாக எழுதிக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். நானும் கொடுத்திருக்கிறேன்.

பள்ளி விஷயம். பாப்பாவைச் சேர்த்துக்கொள்கிறோம், மதியம் குழாயில் ஊட்ட ஆள் இல்லை என்றது ஒரு பள்ளி. அதே சட்டத்தின் 16ஆவது பிரிவு, குழந்தையின் தேவைக்கேற்ற ஏற்பாட்டைப் பள்ளி செய்து தர வேண்டும் என்கிறது. நான் சட்டத்தை முதல் நாளே நீட்டவில்லை. டாக்டரிடம் ஒரு பக்கத்தில் ஊட்டும் முறை, ஆபத்து வந்தால் செய்ய வேண்டியது, தொலைபேசி எண் எல்லாம் எழுதி வாங்கிக்கொண்டு போனேன். சட்டம் ஃபைலில் அடியில் இருந்தது. அங்கிருந்த ஆயாம்மா "எனக்குச் சொல்லிக் குடுங்க சார்" என்று முன்வந்தார். என் மனைவி கூட இருந்து கற்றுக்கொடுத்தாள். சில மனிதர்கள் இல்லையென்றால் சட்டம் வெறும் தாள்தான்.

அக்டோபர் 14

வானிலை மையம் கனமழை என்று எச்சரிக்கை விட்டிருக்கிறது. குழாய், சக்‌ஷன் மிஷின் (சளி உறிஞ்சும் கருவி) வைத்திருக்கும் வீடுகள் இன்றே தயாராகுங்கள். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் சென்னையில் பல பகுதிகளில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை, நினைவிருக்கும். எங்கள் வீட்டில் மிக்ஸி ஓடவில்லை, ஃபிரிட்ஜ் இல்லை. டப்பாப் பால் பவுடரும் காய்ச்சிய தண்ணீரும்தான் காப்பாற்றின. இப்போது ஒரு வாரத்துக்கான பவுடர், குடிதண்ணீர், மருந்து, சிரிஞ்ச் தனிப்பையில் எப்போதும் இருக்கிறது. காலால் மிதிக்கும் சக்‌ஷன் கருவி மருத்துவச் சாமான் கடைகளில் கிடைக்கும். கீழ்த்தளத்தில் இருப்பவர்கள், தண்ணீர் ஏறுமுன் மாடி வீட்டுக்காரரிடம் பேசி வையுங்கள். ஒரு பக்கத் தாளைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் குழந்தையின் பையோடு கட்டிவிடுங்கள்.

நவம்பர் 12

கொளத்தூர் தங்கச்சியின் பையன் 8.4 கிலோ என்று இன்று காலை செய்தி. ஜூலைக்குப் பிறகு நிமோனியா இல்லை. என் மனைவி ஆபீஸுக்கே போன் செய்து சொன்னாள்.

இப்போது வயிற்றுக் குழாய் பற்றிப் பேச்சு எடுத்திருக்கிறார்கள், அடுத்த செவ்வாய்க்கிழமை சர்ஜனைப் பார்க்கப் போகிறார்கள். மூக்குக் குழாய் நீண்ட நாளைக்கு இல்லை, அதனால் இந்தப் பேச்சு வந்தது சரிதான். ஆனால் ஒப்புக்கொள்ளும் முன் கேட்க வேண்டியவை இருக்கின்றன. எதுக்களிப்பு எவ்வளவு இருக்கிறது, அதற்கும் சேர்த்து அறுவை தேவையா, தேவையில்லை என்றால் எதை வைத்துச் சொல்கிறார்கள். மயக்க மருந்துக்கு அவன் நுரையீரல் தயாரா. என்ன வகைக் குழாய், என்ன அளவு, மாற்றுக் குழாய்க்கு என்ன விலை, எத்தனை மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். வீட்டு உணவை அரைத்து விடும் அளவுக்கு அகலமானதா. வாய்வழி ருசிப் பயிற்சி தொடருமா, யார் தொடர்வார்கள்.

எல்லாவற்றிலும் முக்கியம், குழாய் வெளியே வந்துவிட்டால் என்ன செய்வது. துளை சில மணி நேரத்திலேயே சுருங்க ஆரம்பித்துவிடும். பாப்பாவுக்கு ஒருமுறை நள்ளிரவில் வந்துவிட்டது. துளை நன்றாக ஆறிய பிறகு நடந்ததால், டாக்டர் முன்பே சொல்லிக்கொடுத்தபடி ஃபோலி ட்யூபை (சிறுநீர் எடுக்கப் பயன்படும் குழாய்) துளையில் செருகிப் பிளாஸ்திரி போட்டுவிட்டு மருத்துவமனைக்கு ஓடினோம். அதன் வழியாக எதுவும் ஊட்டவில்லை. அறுவை முடிந்த முதல் வாரங்களில் வந்துவிட்டால் வீட்டில் எதையும் செருகக் கூடாது, நேராக மருத்துவமனைதான். உங்கள் பையனுக்கு எந்த நாளிலிருந்து எது பொருந்தும் என்று சர்ஜனே சொல்லட்டும். ஃபோலியின் அளவையும் அவர் கையால் எழுதி வாங்குங்கள்.

கேள்விகளைத் தாளின் இடது பக்கம் எழுதுங்கள், பதில்களை வலது பக்கம் அங்கேயே உட்கார்ந்து எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் கணவர் கூட வருகிறார் என்றால் அவர் எழுதட்டும், நீங்கள் பேசுங்கள். வந்ததும் பதில்களை இங்கே போடுங்கள், சேர்ந்து பார்ப்போம்.